அந்த யார்டுகள் யாருடையவை?

2005 ஏப்ரலில் நியூயார்க்கின் ஜாவிட்ஸ் மையத்தில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் டிராஃப்ட் நடந்தது. கல்லூரியில் ஆடிப் பேர்பெற்ற இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் ஒவ்வொருவராக அழைத்துக்கொள்ளும் நிகழ்ச்சி இது. நம் ஐ.பி.எல். ஏலத்தைப் போல இங்கே விலையைக் கூட்டிக் கேட்க முடியாது. முந்தைய ஆண்டு மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, அதற்கடுத்த அணிக்கு இரண்டாவது வாய்ப்பு என்று 32 அணிகளும் ஏழு சுற்றுகளாக ஆள் எடுக்கும். அந்த ஆண்டு முதல் ஐந்து அழைப்புகளில் மூன்று, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் 'ரன்னிங் பேக்' வீரர்களுக்குப் போயின. இரண்டாவதாக ரானி பிரவுன், நான்காவதாக செட்ரிக் பென்சன், ஐந்தாவதாக கேடிலாக் வில்லியம்ஸ். மூன்றாம் சுற்றில், 65-ஆவது பெயராக, சான் பிரான்சிஸ்கோ அணி ஃபிராங்க் கோர் என்பவரை அழைத்தது. முன்னால் போன மூவரும் தங்கள் தொழில்முறை வாழ்க்கை முழுவதும் பந்தோடு ஓடிய தூரத்தை ஒன்றாகக் கூட்டினாலும் 16,000 யார்டு வராது. கோர் தனியாளாக 16,000 யார்டு ஓடினார். லீக் வரலாற்றிலேயே அவரைவிட அதிகம் ஓடியவர்கள் எம்மிட் ஸ்மித், வால்டர் பேட்டன் என்ற இருவர்தான்.

தேர்வு செய்தவர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு அணியும் ஆண்டு முழுவதும் ஆட்களை ஊர் ஊராக அனுப்பிக் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்க வைக்கிறது. காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள், முழங்காலை ஸ்கேன் எடுக்கிறார்கள், பயிற்சியாளர்களைத் தனியே விசாரிக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் ஓட்டக்காரர்கள் விஷயத்தில் கணிப்பு இவ்வளவு தவறுவது ஏன்? என் பார்வையில் காரணம் ஒன்றுதான். ஓடிய தூரம் முழுவதும் ஓடியவர் கணக்கில் எழுதப்படுகிறது. அதில் பெரும்பங்கு வேறு சிலருடைய உழைப்பு. அந்தப் பங்கைப் பிரித்து ஒதுக்கத் தெரிந்தவருக்கு ஓட்டக்காரரின் மதிப்பு ஓரளவு தெரியும். பிரிக்கத் தெரியாதவர், அடுத்தவர் சமைத்ததைப் பரிமாறியவருக்குச் சமையல்காரர் பட்டம் கொடுத்துவிடுகிறார்.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொன்னால் இது விளங்கும். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணியின் முன்னால் ஐந்து பெரிய உருவங்கள் தோளோடு தோள் நிற்பார்கள். ஒவ்வொருவரும் சராசரியாக 140 கிலோ இருப்பார்கள். இவர்களுக்குப் பெயர் லைன். இவர்களுக்குப் பின்னால், பந்தை வீசவோ கைமாற்றவோ செய்யும் குவாட்டர்பேக், அவருக்குப் பக்கத்திலோ பின்னாலோ ரன்னிங் பேக். பந்து கைமாறியதும் லைன் வீரர்கள் எதிரணியைத் தள்ளி வழி திறக்க வேண்டும். திறந்த வழியில் ஓட்டக்காரர் பாய வேண்டும். யார்டு என்பது நம் பழைய கெஜம்தான், மூன்று அடி. ஒரு முறை பந்தை வாங்கி ஓடினால் சராசரியாக நான்கு யார்டுக்குச் சற்று மேல் கிடைப்பது தொழில்முறை ஆட்டத்தின் வழக்கம். யாருமே தொடாமல் முதல் மூன்று யார்டு ஓடிவிட்டால், அந்த மூன்றும் லைன் வாங்கிக் கொடுத்தவை.

டிரென்ட் ரிச்சர்ட்சனை எடுத்துக்கொள்வோம். அலபாமா பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம். 2012 டிராஃப்டில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி அவரை மூன்றாவது ஆளாக அழைத்தது. பலமான உடம்பு, நல்ல வேகம், கல்லூரியில் குவித்த யார்டுகள் என்று எல்லாமே இருந்தன. ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, 2013 செப்டம்பரில் பிரவுன்ஸ் அவரை இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. கோல்ட்ஸ் பதிலுக்குத் தன் முதல் சுற்று வாய்ப்பையே தந்தது. அந்த ஆண்டு கோல்ட்ஸ் அணிக்காக ரிச்சர்ட்சன் முறைக்கு 2.9 யார்டு ஓடினார். அதே அணியில், அதே லைனுக்குப் பின்னால், டொனால்ட் பிரவுன் முறைக்கு ஐந்து யார்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தார். லைன் சரியில்லை என்ற சமாதானம் அங்கே நிற்காது. அலபாமாவின் லைன் அவருக்குத் திறந்துவிட்ட அகலமான கதவுகள் தொழில்முறை ஆட்டத்தில் திறக்கவில்லை. திறந்த சிறு சந்துகளையும் அவர் கண்டுகொள்ளவில்லை. மொத்த வாழ்க்கைக்கும் அவர் சராசரி 3.3.

இதற்கு நேர்மாறான சாட்சி டென்வர் பிராங்கோஸ். 1995 டிராஃப்டில் முதல் அழைப்பே ஒரு ஓட்டக்காரருக்குப் போனது, பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கி-ஜானா கார்ட்டர். தன் முதல் பயிற்சி ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அதே டிராஃப்டின் ஆறாவது சுற்றில், 196-ஆவது பெயராக டென்வர் அழைத்த டெரல் டேவிஸ், 1998-இல் ஒரே பருவத்தில் 2,008 யார்டு ஓடினார். பிறகு அவருக்கும் முழங்கால் போனது. டென்வர் நிற்கவில்லை. 1999-இல் ஒலாண்டிஸ் கேரி, 2000-இல் மைக் ஆண்டர்சன், 2002-இல் கிளின்டன் போர்ட்டிஸ், 2004-இல் ரூபன் டிரோன்ஸ் என்று ஆள் மாற மாற ஆயிரம் யார்டு வந்துகொண்டே இருந்தது. பயிற்சியாளர் மைக் ஷனஹானும் லைன் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸும் வகுத்த தடுப்பு முறை அப்படி. லைன் வீரர்கள் ஐவரும் ஒரே பக்கமாக ஒன்றாக நகர, எதிரணி அந்தப் பக்கம் இழுபட, பின்னால் ஒரு இடைவெளி பிளக்கும். அதைப் பார்த்து ஒரே ஒரு முறை திரும்பி ஓடத் தெரிந்தவர் போதும்.

இங்கேதான் பலர் ஒரு பெரிய முடிவுக்குத் தாவிவிட்டார்கள். லைன்தான் எல்லாம், ஓட்டக்காரர் யாராக இருந்தாலும் ஒன்று, ஆகவே முதல் சுற்றை அவர்கள்மேல் வீணாக்காதே என்பது அந்த முடிவு. 2013, 2014, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் அழைக்கவில்லை. இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தகர்ப்பதற்கு சாக்வான் பார்க்லியின் கதை போதும். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக 2023-இல் அவர் முறைக்கு 3.9 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்கு மாறி முறைக்கு 5.8 வீதம் 2,005 யார்டு ஓடினார். ஈகிள்ஸ் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றது. பார்த்தீர்களா, லைன் மாறியதும் ஆள் மாறிவிட்டார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2023-இல் அதே ஈகிள்ஸ் அணியில் ஓடியவர் டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட். அவரும் திறமைசாலி, இரண்டாம் சுற்றில் வந்தவர். அவர் எடுத்தது முறைக்கு 4.6. லைனின் நடுத்தூணான ஜேசன் கெல்சி 2024-க்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார், ஆட்டத் திட்டம் வகுப்பவரும் மாறியிருந்தார், ஆகவே இரண்டு ஆண்டுகளையும் அப்படியே தராசில் வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் 3.9-இலிருந்து 4.6 வரை உள்ள உயர்வை லைனுக்கும், 4.6-இலிருந்து 5.8 வரை உள்ள உயர்வை பார்க்லிக்கும் எழுதுவது தோராயமான நியாயம். லைனும் முக்கியம், ஆளும் முக்கியம். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதுவதுதான் பிழை.

கல்லூரி வீரரை மதிப்பிடும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம். அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் அதே லைனுக்குப் பின்னால் மாற்று வீரர் எவ்வளவு ஓடினார்? மாற்று வீரரும் நட்சத்திரமும் ஏறக்குறைய ஒரே சராசரி என்றால், நட்சத்திரத்தின் பளபளப்பில் ஒரு பகுதி லைனுடையது. சிலர் உடனே மறுப்பார்கள்: அலபாமா போன்ற பெரிய பல்கலைக்கழகங்களில் மாற்று வீரரும் அடுத்த ஆண்டின் நட்சத்திரம்தானே, அந்த ஒப்பீடு நட்சத்திரத்துக்கு அநீதி இல்லையா? சரியான மறுப்பு. அதே அலபாமாவிலிருந்து வந்த டெரிக் ஹென்றி 2016-இல் 45-ஆவது பெயராகப் போய், 2020-இல் 2,027 யார்டு ஓடினார். ஆகவே நல்ல லைன் இருந்தது என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது. இந்த ஒப்பீடு தீர்ப்பு சொல்லாது. எந்த இடத்தில் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும் என்று விரல் நீட்டும், அவ்வளவுதான்.

உற்றுப் பார்ப்பது என்றால் எதை? பந்து கைமாறும் கணத்தைப் பாருங்கள். ஓட்டக்காரருக்கும் லைனுக்கும் இடையே நாலைந்து யார்டு. ஐவரும் வலப்பக்கம் நகர்கிறார்கள். இவரும் வலப்பக்கமாக இரண்டு அடி வைக்கிறார், ஆனால் அவசரப்படுவதில்லை, தோள்கள் கோட்டுக்கு நேராகவே இருக்கின்றன. எதிரணியின் பெரிய உருவம் ஒன்று தன் தலையை லைன் வீரரின் வலப்புறம் திணிக்கிறது. அந்தத் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் இவருக்குச் செய்தி. வலக்காலை அழுத்தி ஊன்றி, இடப்பக்கம் வெட்டித் திரும்பினால் அங்கே ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. அரை விநாடி முன்னால் போயிருந்தால் சந்து திறந்திருக்காது. அரை விநாடி தாமதித்தால் மூடியிருக்கும். கபடியில் எதிர்க்களத்துக்குள் நுழைந்தவர் யார் கால் எங்கே நகர்கிறது என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை இது. அமெரிக்கர்கள் இதை 'விஷன்' என்பார்கள். முதல் சுற்றில் ஓட்டக்காரர் எவரும் போகாத 2013-இல் 48-ஆவது பெயராகப் போன லெ'வியான் பெல், லைனுக்குப் பின்னால் கிட்டத்தட்ட நின்றே காத்திருந்து, சந்து பிறந்ததும் நுழைவதில் பேர் எடுத்தார். இந்தப் பொறுமை எந்த அளவுகோலிலும் வராது. கண்ணால்தான் பார்க்க வேண்டும், அதுவும் ஐந்து யார்டு கிடைத்த ஓட்டங்களில். எழுபது யார்டு ஓட்டங்கள் தொலைக்காட்சிக்கு நல்லவை, மதிப்பீட்டுக்கு அவ்வளவு உதவாதவை. வெட்டவெளியில் எல்லோரும் ஓடுவார்கள்.

இரண்டாவதாக, ஒருவர் வந்து மோதிய பிறகு எவ்வளவு தூரம் ஓடினார், எத்தனை பேரின் பிடியை உதறினார் என்ற கணக்கு. இதை இப்போது தனி நிறுவனங்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எண்ணித் தருகின்றன. லைன் கொடுத்ததையும் ஆள் சேர்த்ததையும் பிரிக்க இதைவிட நேரடியான கணக்கு இல்லை. 2024-இல் பாய்ஸி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2,601 யார்டு ஓடிய ஆஷ்டன் ஜென்ட்டி, 1988-இல் பேரி சாண்டர்ஸ் வைத்த 2,628 யார்டு சாதனையை நெருங்கி நின்றார். அந்தத் தூரத்தின் பெரும்பகுதி யாராவது மேலே விழுந்த பிறகு எடுத்தது. 2025-இல் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அவரை ஆறாவதாக அழைத்ததற்கு அதுவே வலுவான காரணம். ஆனால் யாருடைய பிடியை உதறினார் என்ற கேள்வியும் கூடவே வரும். கல்லூரியில் எதிரே நிற்கும் 11 பேரில் தொழில்முறைக்குப் போகப்போகிறவர் ஓரிருவர் இருக்கலாம், சில ஆட்டங்களில் ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே பலவீனமான எதிரணியோடு ஆடிய ஆட்டங்களை ஒதுக்கி, வலுவான இரண்டு மூன்று ஆட்டங்களை மட்டும் எடுத்து எண்ணுவது நல்லது. எண்ணிக்கை குறையும், நம்பிக்கை கூடும்.

மைதானத்தின் அளவுகூட ஏமாற்றும். ஒவ்வொரு முறையும் பந்தை எங்கே வைத்து ஆட்டத்தைத் தொடங்குவது என்பதற்கு நடுவில் இரண்டு வரிசைக் கோடுகள் உண்டு. கல்லூரி மைதானத்தில் அவற்றுக்கு இடையே 40 அடி. தொழில்முறை மைதானத்தில் பதினெட்டரை அடி. இரண்டு மைதானங்களும் 160 அடி அகலம்தான். கல்லூரியில் பந்து ஒரு கோட்டில் இருந்தால் அகலமான பக்கத்தில் 100 அடி வெளி கிடைக்கும். தொழில்முறையில் அது சுமார் 89 அடி. சுற்றி வளைத்து ஓரமாக ஓடியே பேர் வாங்கிய மாணவருக்கு அந்தப் பதினோரு அடி இழப்பு. போதாததற்கு எதிரே ஓடி வருபவர்களும் முன்பைவிட வேகமானவர்கள். கல்லூரியில் ஓரத்தில் கிடைத்த யார்டுகளையும் நடுவில் நெருக்கியடித்துக் கிடைத்த யார்டுகளையும் ஒரே விலைக்கு எடுக்கக் கூடாது.

இனி நிறுத்துக்கடிகாரம். டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபோலிஸில் வீரர்களை வரிசையாக நிறுத்தி 40 யார்டு ஓட வைப்பார்கள். 2008-இல் கிறிஸ் ஜான்சன் 4.24 விநாடியில் ஓடினார். டென்னசி டைட்டன்ஸ் அவரை முதல் சுற்றில் அழைத்தது, அடுத்த ஆண்டே 2,006 யார்டு ஓடினார். வேகத்தை மதிக்காதே என்று இதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது. ஆனால் லீக்கிலேயே அதிகம் ஓடிய எம்மிட் ஸ்மித், வேகம் போதாது என்ற பேச்சோடு 1990-இல் 17-ஆவதாகப் போனவர். ஆட்டத்தில் 40 யார்டு நேர்கோட்டில் யாரும் குறுக்கே வராமல் ஓடும் தருணம் அபூர்வம். முதல் பத்து யார்டை எவ்வளவு சீக்கிரம் கடக்கிறார் என்பதும், திசை மாற்றிய பிறகு எவ்வளவு சீக்கிரம் பழைய வேகத்தைப் பிடிக்கிறார் என்பதுமே அன்றாடத் தேவை. பில் பார்ன்வெல் என்ற எழுத்தாளர் ஒரு திருத்தம் சொன்னார். வீரரின் எடையைப் பவுண்டில் எடுத்து 200-ஆல் பெருக்கி, ஓடிய நேரத்தின் நான்காம் படியால் வகுத்தால் வரும் எண்ணைப் பாருங்கள் என்றார். கனமானவர் வேகமாக ஓடுவது இலகுவானவர் வேகமாக ஓடுவதைவிடப் பெரிது என்ற எளிய நியாயம்தான். உதவுகிறது, ஆனால் அது உடம்பை மட்டும் எடை போடுகிறது.

கல்லூரிக் கணக்கேட்டில் ஏறவே ஏறாத வேலை ஒன்றும் உண்டு. குவாட்டர்பேக் பந்தை வீசப் பின்னால் நகரும்போது, எதிரணி எதிர்பாராத ஒருவரை அவர்மேல் ஏவும். அவரைத் தடுப்பது ரன்னிங் பேக்கின் கடமை. யார் வரப்போகிறார் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். குவாட்டர்பேக்கை எட்டக் குறுகிய வழி நடுவழி என்பதால் முதலில் நடுவைப் பார்த்து, பிறகு ஓரத்தைப் பார்க்க வேண்டும். தன்னைவிட இருபது கிலோ கூடுதலான ஒருவர் முழு ஓட்டத்தில் வரும்போது அவர் மார்புக்குக் கீழே தோளைக் கொடுக்க வேண்டும். இதில் ஒருமுறை தவறினால் அணியின் விலைமதிப்புள்ள ஆள் தரையில் கிடப்பார். கல்லூரியில் பல நட்சத்திரங்களிடம் இதைக் கேட்பதே இல்லை. இதைச் செய்யவும், வீசிய பந்தைப் பிடிக்கவும் தெரியாதவரை நெருக்கடியான தருணங்களில் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். ஆல்வின் கமாரா டென்னசி பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகளில் 210 முறைதான் பந்தைத் தூக்கி ஓடினார். யார்டு எண்ணுகிறவருக்கு அவர் சாதாரணம். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 2017-இல் 67-ஆவதாக அவரை அழைத்தது. முதல் மூன்று பருவங்களிலும் பருவத்துக்கு 81 பந்துகளைப் பிடித்தார். கல்லூரியில் பிடித்த பந்துகளைப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

கோர் எப்படி அணிகளின் கண்ணுக்குத் தப்பினார் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். மயாமி பல்கலைக்கழகத்தில் அவருக்கு 2002-இல் ஒரு முழங்காலிலும் 2003-இல் மறு முழங்காலிலும் தசைநார் அறுந்தது. அணிகள் அஞ்சின. அந்த அச்சம் நியாயமானது, கி-ஜானா கார்ட்டரின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. கேடிலாக் வில்லியம்ஸும் முதல் ஆண்டின் சிறந்த புதுமுகமாகப் பேர் வாங்கி, பிறகு 2007-இல் ஒரு முழங்காலையும் 2008-இல் மறு முழங்காலையும் இழந்தார். கல்லூரியில் ஒரே பருவத்தில் 395 முறை ஓடிய டெரிக் ஹென்றியைத் தேய்ந்த டயர் என்றார்கள். 2024-இல், 30 வயதில், அவர் 1,921 யார்டு ஓடினார். இவை விதிவிலக்குகள்தானே, முழங்கால் போய் அடையாளம் தெரியாமல் மறைந்தவர்களை ஏன் சொல்லவில்லை என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டும். தப்பியவர்களை மட்டும் எண்ணிச் சட்டம் எழுத முடியாது. நான் சொல்வது அதைவிடச் சிறியது. காயம் நாளை வருமா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சந்துகளைக் காணும் கண் இருக்கிறதா என்பதை இன்றே சொல்ல முடியும். கோருக்கு அறுவைச் சிகிச்சைகள் வேகத்தைக் குறைத்தன, கண்ணைக் குறைக்கவில்லை. சொல்ல முடிந்ததை விட்டுவிட்டு, சொல்ல முடியாததற்கு முழு எடையும் கொடுத்ததால் அவர் 65-ஆம் இடத்துக்கு இறங்கினார்.

இந்தத் தவறு அணிகளின் நஷ்டத்தோடு நிற்பதில்லை. பள்ளியை முடித்து மூன்று ஆண்டு கழியாமல் யாரும் டிராஃப்டுக்கு வர முடியாது என்பது விதி. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மொரீஸ் கிளாரெட் இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2004-இல் முதலில் வென்று, மேல்முறையீட்டில் தோற்றார். 2005 டிராஃப்டில் 101-ஆவதாக டென்வர் அழைத்தும், லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போனார். 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதியவரின் சம்பளம் எத்தனையாவது பெயராக அழைக்கப்பட்டார் என்பதைக் கொண்டே நிர்ணயமாகிறது. நான்கு ஆண்டு கட்டு, மூன்று பருவம் முடியும்வரை பேச்சுக்கே இடமில்லை. ஓட்டக்காரரின் நல்ல காலமோ இருபதுகளின் முதல் பாதி. ஆகவே கூடுதல் கேட்கும் உரிமை வரும்போது கால்கள் களைத்திருக்கும், அணி அடுத்த டிராஃப்டில் இளையவர் ஒருவரை மலிவாக எடுத்துக்கொள்ளும். மற்ற இடங்களில் ஆடுபவருக்குக் கணிப்புத் தவறை இரண்டாவது ஒப்பந்தம் ஈடுகட்டும். ஓட்டக்காரருக்குப் பெரும்பாலும் முதல் ஒப்பந்தமே கடைசிப் பெரிய ஒப்பந்தம். அவரைச் சரியாக எடை போடுவது வியாபாரத் திறமை மட்டும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. உடம்பைக் கொடுத்துச் சம்பாதிக்கும் ஒரு இளைஞருக்கு நாம் செலுத்த வேண்டிய நியாயமும் அதில் இருக்கிறது.

கோர் 16 பருவங்கள் ஆடி, 37 வயதில் கடைசி ஆட்டத்தை முடித்தார். அவருடைய மகன் ஃபிராங்க் கோர் ஜூனியரும் ரன்னிங் பேக். 2022 டிசம்பரில் சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக ஒரே ஆட்டத்தில் 329 யார்டு ஓடி, கல்லூரிகளின் பருவ முடிவு ஆட்டங்களான பௌல் ஆட்டங்களில் சாதனை படைத்தார். 2024 டிராஃப்டின் ஏழு சுற்றுகளிலும் 257 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவர் பெயர் அவற்றில் இல்லை. டிராஃப்ட் முடிந்த பிறகு பஃபலோ பில்ஸ் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது.